நெல் உலர்த்தல்: பேஜ் மாடல் கடைசியில் விலகுது, ஏன்?

கேள்வி: நெல், ஒற்றை அடுக்கு, 60 டிகிரி காற்று, 10 நிமிடத்துக்கு ஒரு எடை. ஈரம் 22%லிருந்து 13%. பேஜ் சமன்பாடு (நேரம் ஆக ஆக ஈரம் எப்படிக் குறையும்னு கணிக்கிற சூத்திரம்) முதல் அரைமணி நேரம் என் அளவுகளோட ஒட்டுது, அப்புறம் விலகுது. அரைச்சா நொய்யும் அதிகம்.

பதில் 1: அந்தச் சதவீதத்தை அப்படியே போட்டீங்களா? உலர் அடிப்படைக்கு, அதாவது தண்ணி எடையை உலர்ந்த நெல் எடையால வகுத்து, மாத்துங்க: 22/78 = 0.282, 13/87 = 0.149. சமநிலை ஈரத்தை (அந்தக் காற்றில் இதுக்கு மேல காயாதுன்னு நிக்கிற ஈரம்) பூஜ்யம்னு வச்சாலும் வளைகோட்டோட கடைசிப் பக்கம் இப்படித்தான் இழுக்கும்.

பதில் 2: எடை எடுக்கும்போது ஃபேன் ஓடுதா? கீழிருந்து வர்ற காற்று தட்டைத் தூக்கும், எடை குறைச்சுக் காட்டும். அந்த நேரம் நிறுத்துங்க.

நொய்க்குக் காரணம் வேற. மேல்பக்கம் காய்ஞ்சு சுருங்க, உள்ளே ஈரம் நிக்க, அரிசி கீறல் விடுது. 18%ல் நிறுத்தி, சூடு ஆறாம மூடி 4 மணி நேரம் வச்சு, மறுபடி காய வைங்க. விதைநெல்லுன்னா 43 டிகிரியைத் தாண்டவே கூடாது.

கேள்வி கேட்டவர்: ஃபேன் ஓடிக்கிட்டுதான் இருந்தது. சமநிலை ஈரமும் பூஜ்யம்தான் வச்சிருந்தேன்!