கலைச்சொல் தேவை: கராஜ் தரைக்கு எபொக்சி பூசும் வேலை (வெள்ளிக்குள்)

டொராண்டோ, மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்காபரோவில் வீட்டுக் கராஜ் தரைகளுக்கு எபொக்சி (பிசினும் இன்னொரு திரவமும் கலந்து பூச, இறுகிக் கெட்டியாகும் பொருள்) பூசிக் கொடுக்கும் ஒருவர், தன்னிடம் வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பனிக்காலத்தில் இங்கே றோட்டில் உப்புப் போடுவார்கள். அது காரின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்து, கராஜுக்குள் உருகி வடிந்து கொங்கிறீற்றை அரிக்கும். அதனால் இந்த வேலைக்கு நல்ல கிராக்கி.

எனக்கு இடறும் சொற்கள் மூன்று. எபொக்சி பூச்சு, பிசினோடு கலக்கும் இரண்டாவது திரவம், கலந்த பிறகு எவ்வளவு நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும் என்கிற கால அளவு.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, சுவருக்குத்தான் பூச்சு. தரையை மெழுகுவோம். பட்டினப்பாலையில் 'மலரணி மெழுக்கம்' வருகிறது. அப்பர் 'அலகிட்டு மெழுக்குமிட்டு' என்கிறார். முதலில் கூட்டு, பிறகு மெழுகு. உங்கள் குறிப்பிலும் தரையைச் சுத்தம் செய்வதுதானே முதல் படி? இவ்வளவு பொருத்தமான சொல்லை வைத்துக்கொண்டு ஏன் வெளியே தேட வேண்டும்? 'மெழுக்கு' போதும்.

எபாக்சியில் 'எபி' என்பது மேல், 'ஆக்சி' என்பது உயிரகம். ஆகவே 'மேலுயிரகப் பிசின் மெழுக்கு'.

சென்னை, வேதியியல்:

ஐயா, 'மேலுயிரகம்' மேலுலகம் மாதிரி கேட்கிறது. வேலைக்கு வரும் பையன் பயந்துவிடுவான்.

விஷயத்துக்கு வருகிறேன். எபாக்சி மூலக்கூறில் இரண்டு கரி அணுக்களுக்கு நடுவில் ஓர் ஆக்சிஜன் பாலம் போட்டது போல உட்கார்ந்திருக்கும். மூன்றும் சேர்ந்து ஒரு குட்டி முக்கோண வளையம். வளைத்துக் கட்டிய மூங்கில் போல அது விறைப்பாகவே இருக்கும். இரண்டாவது திரவத்தில் இருக்கும் அமீன் என்ற பொருள் பட்டதும் திறந்துகொண்டு பக்கத்து மூலக்கூறோடு பின்னிக்கொள்ளும். தரை இறுகிய பிறகு அந்த வளையங்களில் பெரும்பாலானவை மிஞ்சுவதே இல்லை. இல்லாமல் போகிற ஒன்றுக்கு எதற்கு இத்தனை நீளமான பெயர்? எபாக்சி என்றே இருக்கட்டும்.

மதுரை:

இருக்கட்டும் என்றால் எப்படி இருக்கும்? ககர மெய்யை அடுத்துச் சகரம் வராது. 'கசதப ஒழித்த ஈரேழன் கூட்டம்' என்பது நன்னூல். எழுதியே ஆக வேண்டுமென்றால் 'எபாக்குசி'.

சென்னை:

நாளை டாக்குசி பிடித்து நேரில் வந்து பேசுகிறேன் ஐயா.

சிங்கப்பூர், இந்த மடற்குழுவின் மட்டுறுத்துநர்:

நேற்று இரவு முழுக்க 'எபொக்சி'யா 'எபாக்சி'யா என்று பதினான்கு மடல்கள். இலங்கை வழக்கில் டொக்டர், தமிழ்நாட்டில் டாக்டர். குறிப்பு டொராண்டோவுக்கு, எனவே எபொக்சி. அந்த இழையை மூடிவிட்டேன். இரண்டாவது திரவத்துக்கு வாருங்கள். பாலில் மோர் ஊற்றி உறைய வைப்பது போலத்தானே? 'உறை' என்று வைத்தால் அழகாக இருக்கும்.

சென்னை:

அழகுதான், ஆனால் ஆபத்து. மோர் ஒரு கரண்டி கூடினாலும் குறைந்தாலும் தயிர் உறைந்துவிடும். இங்கே அப்படி இல்லை. அந்தத் திரவமும் வினையில் சேர்ந்து தரையாகவே மாறுகிறது. இரண்டுக்கு ஒன்று என்று டின்னில் போட்டிருந்தால் இரண்டுக்கு ஒன்றுதான். குறைந்தால் தரை என்றைக்கும் பிசுபிசுக்கும், கூடினாலும் கெடும். 'உறை' என்று எழுதினால் பையன் கண் அளவில் ஊற்றுவான். 'இறுக்கி' என்று போடுங்கள்.

இன்னொன்று, குறிப்பின் வரைவில் '24 மணி நேரத்தில் காய்ந்துவிடும்' என்று இருக்கிறது. பெயின்ட் காயும், எபாக்சி இறுகும். இரண்டும் ஒன்றல்ல. காய்ந்துவிட்டது என்று கேட்டதும் வீட்டுக்காரர் காரை ஏற்றிவிடுவார். மறுநாள் நடக்கலாம், காருக்கு மூன்று நாளாவது, பல சரக்குகளுக்கு ஒரு வாரம்கூட ஆகும். குளிரில் இன்னும் இழுக்கும். சரியாக இறுகாத தரையில் சூடான டயர் நின்று ஆறினால் பூச்சைப் பிய்த்துக்கொண்டு வரும்.

கோவை, ஆலைத் தரை ஒப்பந்ததாரர்:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் ஆட்கள் 'ஏ டப்பா, பி டப்பா' என்பார்கள், அவ்வளவுதான். இறுக்கி என்று போட்டாலும் பக்கத்தில் 'பி டப்பா' என்று எழுதுங்கள். தரையில் ஈரம் பார்க்கும் வேலையையும் சேருங்கள். பதினெட்டு அங்குலச் சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். அடியில் வியர்த்திருந்தால் பூசக் கூடாது.

மூன்றாவது சொல்லுக்கு 'பதக்காலம்' என்று யாரோ சொன்னார்கள்.

மதுரை:

நான்தான் சொன்னேன். பாகு பதம், சோற்றுப் பதம். பதப்படுத்துதல், பதனிடுதல் எல்லாம் ஒரே குடும்பம். சொல் என்னும் பொருள் தரும் வடமொழிப் 'பதம்' வேறு, இது வேறு. குழப்பிக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

(வந்தார்கள். ஒன்பது மடல்கள். – மட்டுறுத்துநர்)

கோவை:

நல்ல தமிழ்தான் ஐயா, ஆனால் தலைகீழாக இருக்கிறது. பாகுக்குப் பதம் வரும்வரை காத்திருப்போம். இது கலந்த அந்த நிமிஷமே பதம். அப்புறம் போய்க்கொண்டே இருக்கும். ஒரு மே மாதம், புதுப் பையன் முழு வாளியையும் கலந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். மொத்தமாக நின்றால் அதன் சூடு அதற்குள்ளேயே ஏறும். திரும்பி வந்தபோது வாளி புகைந்துகொண்டிருந்தது, உள்ளே கல். கலந்ததும் தரையில் கொட்டிப் பரப்பியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருக்கும். நாங்கள் இதைக் 'கெடு' என்போம். 'வாளிக்கு இருபது நிமிஷம் கெடு.'

டொராண்டோ:

வேலை செய்யும் தம்பி ஒருவரிடம் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். "பதம் எண்டால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் போல இருக்கு. கெடு எண்டால் ஓட வேணும்" என்றார். 'கலவைக் கெடு' என்று போட்டுவிட்டேன். கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி. எபொக்சி பூச்சு, இறுக்கி (பி டின்), கலவைக் கெடு. 'காயும்' எல்லாவற்றையும் 'இறுகும்' என்று மாற்றியாயிற்று. அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

மதுரை:

கெடுவை ஏற்கிறேன். பூச்சை ஏற்கவில்லை. மேலும் கராஜ் என்றே விட்டுவிட்டீர்கள். தேர் நிற்கும் இடத்துக்கு உங்கள் யாழ்ப்பாணத்திலேயே தேர்முட்டி என்ற சொல் இருக்கும்போது, கார்முட்டி ஏன் கூடாது? அடுத்த அச்சு எப்போது?