எலியின் சீரத்தில் சி.ஆர்.பி. அளவு ஏன் மாறவில்லை?

கேள்வி: மருந்தியல் மாணவி

வணக்கம். நொச்சி இலைச் சாற்றுக்கு அழற்சியைக் குறைக்கும் தன்மை உண்டா என்பதை விஸ்டார் என்னும் ஆய்வக இன எலிகளில் ஆராய்ந்து வருகிறேன். எலியின் பின்னங்கால் பாதத்தில் வீக்கத்தை உண்டாக்கும் காராஜீனன் என்னும் பொருளின் 1 சதவீதக் கரைசலைச் செலுத்தி வீக்கத்தை அளந்தபோது, சாறு கொடுத்த குழுவிலும், இண்டோமெத்தசின் என்னும் அழற்சி எதிர்ப்பு மருந்து கொடுத்த குழுவிலும் வீக்கம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஆனால், ஆறாவது மணி நேரத்தில் எடுத்த இரத்தத்தின் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரதம்) என்னும் புரதத்தை, ஆன்டிபாடியும் நிறமாற்றமும் கொண்டு அளவிடும் எலைசா முறையில் அளந்தபோது, காராஜீனனே செலுத்தாத எலிகள் உட்பட எல்லாக் குழுக்களிலும் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. மனிதர்களில் அழற்சி இருக்கிறதா என்று அறிய மருத்துவர்கள் முதலில் எழுதிக் கொடுக்கும் சோதனை இதுதான் என்பதால், இந்த முடிவை ஆய்வேட்டில் எவ்வாறு விளக்குவதென்று தெரியவில்லை. புதிய எலிகளை வாங்கி மீண்டும் செய்யலாம் என்று துறையில் ஒரு கருத்து இருக்கிறது. அது தேவைதானா?

பதில் 1: உயிர்வேதியியல் ஆசிரியர்

உங்கள் எலிகள் சரியாகவே நடந்துகொண்டிருக்கின்றன. நீங்கள் அளந்த புரதம்தான் அந்த விலங்குக்கு ஏற்றதன்று.

சி.ஆர்.பி. புரதத்தை 1930-இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லட்டும் பிரான்சிசும் கண்டறிந்தது, நிமோனியா கண்ட மனிதர்களின் சீரத்தில்தான். நலமாக உள்ள மனிதரிடம் லிட்டருக்குச் சில மில்லிகிராம்கூட இல்லாத இப்புரதம், கடுமையான தொற்றின்போது இன்டர்லியூக்கின்-6 என்னும் சமிக்ஞைப் புரதம் கல்லீரலுக்கு இடும் கட்டளையால் ஆயிரம் மடங்கு வரை உயரக்கூடும். மருத்துவர்கள் அதை நம்புவதற்கு இந்தப் பெரிய ஏற்றமே காரணம். எலியின் நிலை வேறு. நோயற்ற எலியின் சீரத்திலேயே சி.ஆர்.பி. லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் அளவில் எப்போதும் இருக்கிறது. அழற்சி வந்தாலும் அது சிறிதளவே கூடுகிறது. சுண்டெலியில் இதற்கு நேர்மாறு: எவ்வளவு கடுமையான அழற்சியிலும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவைக்கூட அது பெரிதும் தாண்டுவதில்லை. ஆகவே ஒன்றில் எப்போதும் நிறைந்தும், மற்றொன்றில் எப்போதும் குறைந்தும் இருப்பதால், இரண்டிலுமே அது நல்ல அளவுகோல் ஆகாது.

அழற்சியின்போது எலியின் கல்லீரல் பெருமளவில் சுரப்பது ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் என்னும் புரதத்தை. மனிதரிடமோ அது அழற்சியால் அதிகம் மாறுவதில்லை. சுண்டெலியில் சீரம் அமைலாய்டு ஏ, சீரம் அமைலாய்டு பி ஆகிய இரண்டையும் பார்க்க வேண்டும். இவற்றில் இரண்டாவது, சி.ஆர்.பி.-யின் நெருங்கிய உறவான புரதமாக இருந்தும், மனிதரிடம் அழற்சிக்கு ஏற்ப உயர்வதில்லை. ஒரே முன்னோர்ப் புரதத்திலிருந்து வந்தவை இனத்துக்கு இனம் பணியை இப்படி மாற்றிப் பகிர்ந்துகொண்டிருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. விலங்கு ஆய்வில் புரதத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சோதனையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று என் மாணவர்களிடம் நான் வற்புறுத்துவதற்கும் அதுவே காரணம்.

பதில் 2: ஆய்வக நுட்பர்

ஆசிரியர் சொன்னதோடு அளவிடும் முறையையும் பாருங்கள். எலிச் சீரத்தில் சி.ஆர்.பி. இவ்வளவு மிகுதி என்பதால், எலைசா செய்வதற்கு முன் சீரத்தைப் பல்லாயிரம் மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டியிருக்கும். போதிய அளவு நீர்க்காவிட்டால் சோதனைத் தட்டின் எல்லாக் குழிகளும் நிறத்தின் உச்சத்தை எட்டிவிடும். அப்போது குழுக்களுக்கிடையே உண்மையில் வேறுபாடு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் மாதிரிகளின் நிற அளவு, தரக்கோட்டின் (தெரிந்த அளவுகளைக் கொண்டு வரையும் ஒப்பீட்டுக் கோட்டின்) மேல் முனையைத் தாண்டாமல் அதற்குள்ளேயே விழுகிறதா என்று சரிபாருங்கள். மனிதச் சீரத்துக்கென விற்கப்படும் லேட்டெக்ஸ் சிலைடு சோதனையை எலிக்குப் பயன்படுத்திய கட்டுரைகளையும் படித்திருக்கிறேன். மனிதப் புரதத்துக்கு எதிராக உருவாக்கிய ஆன்டிபாடி எலியின் புரதத்தைச் சரியாகப் பற்றும் என்பதற்கு உறுதி இல்லாதபோது, அந்த எண்களுக்குப் பொருளே இல்லை.

மருந்தியல் மாணவி

மிக்க நன்றி, ஐயா. நன்றி, நண்பரே. அப்படியானால், உறைநிலையில் வைத்திருக்கும் அதே சீரத்தில் ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலினை அளந்தால் போதுமா? பாதத் திசுவையும் திரவ நைட்ரஜனில் உறையவைத்து எடுத்துவைத்திருக்கிறோம்.

பதில் 3: நோயியல் ஆய்வாளர்

சீரத்தில் அதைத் தேடினாலும் உங்களுக்குத் தெளிவான விடை கிடைக்காது என்றே கருதுகிறேன். காராஜீனன் பாதவீக்கம், 1962-இல் விண்டரும் அவருடைய சகாக்களும் அறிமுகப்படுத்திய நாளிலிருந்தே, சில மணி நேரத்துக்குள் உச்சத்தை அடையும் உள்ளூர் அழற்சியாகத்தான் பயன்பட்டு வருகிறது. முதலில் ஹிஸ்டமினும் செரட்டோனினும், பின்னர் புரோஸ்டாகிளாண்டின்களும் என, திசுவிலேயே வெளிப்படும் வேதிப்பொருள்கள் அந்த வீக்கத்தை நடத்துகின்றன. கல்லீரல் புதிய புரதத்தைச் சுரந்து அது இரத்தத்தில் சேர்ந்து உச்சமடைய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். மனிதரிடம்கூட சி.ஆர்.பி. ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில்தான் உயரத் தொடங்கி, 48 மணி நேர அளவில் உச்சம் பெறுகிறது. ஆறாவது மணி நேரத்துச் சீரத்தில், சரியான புரதத்தைத் தேடினாலும் நீங்கள் முன்கூட்டியே கதவைத் தட்டியவர் ஆவீர்கள்.

நீங்கள் எடுத்துவைத்திருக்கும் பாதத் திசுதான் விலைமதிப்பற்றது. அதில் புரோஸ்டாகிளாண்டின் இ2, அழற்சிச் சமிக்ஞைப் புரதங்களான இன்டர்லியூக்கின்-1 பீட்டா, டி.என்.எஃப். ஆல்ஃபா ஆகியவற்றையும், நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் எவ்வளவு வந்து சேர்ந்தன என்பதைக் காட்டும் மையலோபெராக்சிடேஸ் நொதியையும் அளக்கலாம். திசுவை அரைக்கும் கரைசலில் சிறிதளவு இண்டோமெத்தசினைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அரைக்கும்போதே புதிய புரோஸ்டாகிளாண்டின் உருவாகி அளவைக் கெடுத்துவிடும். இண்டோமெத்தசின் குழுவில் இ2 வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும். அது குறையாமல் இருந்தால் மற்ற எண்களையும் நம்பாதீர்கள்.

புதிய எலிகளைப் பற்றி ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு நாம் நிரப்பித் தரும் படிவம் பி-யில், எத்தனை விலங்குகள் வேண்டும், ஏன் வேண்டும் என்று எழுதி ஒப்புதல் பெறுகிறோம். உறைபெட்டியில் விடை காத்திருக்கும்போது, தவறான புரதத்தை மீண்டும் ஒருமுறை அளப்பதற்காக இன்னும் சில உயிர்களைக் கேட்பதற்கு நியாயம் இல்லை. சாறு நீண்ட கால அழற்சியிலும் வேலை செய்கிறதா என்பது உங்கள் அடுத்த கேள்வியானால், ஃப்ராய்ண்ட் அட்ஜுவண்ட் என்னும் நோயெதிர்ப்பைத் தூண்டும் கலவை மூலம் மூட்டழற்சியை உண்டாக்கும் மாதிரியைத் தனித் திட்டமாக எழுதி, ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலினைத் தொடக்கத்திலிருந்தே அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சி.ஆர்.பி. முடிவை ஆய்வேட்டிலிருந்து நீக்கிவிடாதீர்கள். நீர்த்தல் விகிதத்தையும், இரத்தம் எடுத்த நேரத்தையும் குறிப்பிட்டு, எலியில் இப்புரதம் ஏன் பொருத்தமற்றது என்பதை ஒரு பத்தியில் விளக்குங்கள். அதே சோதனையைத் திட்டமிடும் அடுத்த மாணவருக்கு அந்தப் பத்தி மிகவும் பயன்படும்.

பதில் 4: கால்நடை மருத்துவர்

மேலே சொன்னவற்றோடு ஒரு சிறு குறிப்பு. இதே சி.ஆர்.பி. நாய்களில் மிக நம்பகமான அளவுகோல். நாங்கள் அன்றாடம் பயன்படுத்துகிறோம். பூனைகளில் அது உதவாது, சீரம் அமைலாய்டு ஏ-யைத்தான் பார்க்கிறோம். மாடுகளில் ஹாப்டோகுளோபின் என்னும் புரதம். பிற விலங்குகளுக்கு மாறும்போது இதை முதலில் உறுதிசெய்துகொண்டு திட்டம் வகுங்கள்.