பொருள்: மறு: ஹேண்ட்மெய்ட் – தமிழில் என்ன வைக்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலைத் தமிழாக்கினால் 'ஹேண்ட்மெய்ட்' என்ற சொல்லுக்கு என்ன வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> 'பணிப்பெண்' போதாதா? எல்லாருக்கும் புரியுமே.

புரியும். ஆனால் விமானத்தில் தேநீர் தருபவர்தான் நினைவுக்கு வருவார். அந்த 1985 நாவலில் ஹேண்ட்மெய்டின் வேலையே வேறு: பெரிய அதிகாரியின் வீட்டில் இருந்து, அவர் மனைவிக்குப் பிள்ளை பெற்றுக் கொடுக்க வேண்டும். பிரசவத்தின்போது அந்த மனைவி சற்று உயரமான இருக்கையில் பின்னால் உட்கார்ந்து, தன் முழங்கால்களுக்கு நடுவே அவளை வைத்துக்கொள்வாள். ஆதியாகமம் 30-இல் பிள்ளையில்லாத ராகேல் தன் வேலைக்காரி பில்காளைத் தன் கணவன் யாக்கோபிடம் அனுப்பும்போது, 'என் முழங்கால்மேல் பெறுவாள்' என்கிறாள் ஆங்கில பைபிளில். அதைத்தான் அப்படியே நடிக்கிறார்கள். நாவலின் முகப்பிலும் அந்த வசனம் உண்டு.

இன்னொருவர் 'வாடகைத்தாய்' என்றார். வாடகை என்றால் பேருக்காவது ஒரு சம்மதம் வேண்டாமா? உலகில் எங்கும் நடக்காத எதையும் கதையில் வைப்பதில்லை என்பது அட்வுட் தனக்கே போட்டுக்கொண்ட விதி. அப்படி நடந்தவற்றில் சில: ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்கு 1966-இல் 770-ஆம் ஆணை போட்டு, சில விலக்குகள் தவிரக் கருக்கலைப்பைத் தடைசெய்தார். 1980-களில் வேலையிடத்திலேயே பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை நடந்தது. அர்ஜென்டினாவில் 1976–83 ராணுவ ஆட்சி, காவலில் பிள்ளை பெற்ற தாய்களைக் கொன்று, குழந்தைகளைத் தனக்கு வேண்டியவர்களிடம் கொடுத்தது. இதில் வாடகை எங்கே வந்தது?

சொல்லை பைபிளிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. கதை நடப்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், வேதத்தின் பேரால் ஆளும் ஒரு கற்பனை ஆட்சியில். 17-ஆம் நூற்றாண்டில் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்கள் வேதத்தைச் சட்டமாக்கப் பார்த்த மண். அப்படிப்பட்ட ஆட்சி யாரையும் அடிமை என்று கூப்பிடாது, பக்தியான பேர்தான் வைக்கும். ஆங்கிலத்தில் பில்காளும் ஹேண்ட்மெய்ட், 'இதோ, நான் ஆண்டவருக்கு அடிமை' என்ற, இயேசுவின் தாய் மரியாளும் ஹேண்ட்மெய்ட். பில்காளின் கதிக்கு மரியாளின் பேரைப் பூச எவ்வளவு வசதி! நம் பழைய தமிழ் பைபிளில் இந்தக் குழப்பமே இல்லை. பில்காள் வேலைக்காரி, ஆபிரகாமுக்குப் பிள்ளை பெற்ற ஆகார் அடிமைப்பெண், ஆலயத்தில் அழுது பிள்ளை கேட்ட அன்னாள் 'உம்முடைய அடியாள்'.

'அடியாள்' கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் சினிமா அவரை அரிவாளோடு சுமோவில் ஏற்றி அனுப்பி ரொம்ப நாளாயிற்று. எனவே 'அடியாட்டி' என்று முன்வைக்கிறேன். சீமாட்டி, மூதாட்டி வரிசையில் மரியாதையாகவே ஒலிக்கிறது. வீட்டு வேலை செய்யும் மார்த்தாக்களுக்கு 'மார்த்தாள்', கதையில் வரும் கிலியட் நாட்டுக்குக் 'கீலேயாத்' என்று நம் வேதத்தில் உள்ளதே போதும்.

> வைப்பாட்டி என்றும் காதில் விழுமே ஐயா?

விழட்டும். அந்த ஆட்சி மறைக்கப் பார்ப்பதும் அதைத்தானே.

சரி, அடுத்தது கதாநாயகியின் பேர். ஆஃப்ரெட் என்றால் ஃபிரெட்டுக்குச் சொந்தமானவள். 'ஃபிரெட்டுடையாள்' என்று வைத்தால் ஃபிரெட் அவளுக்குச் சொந்தம் என்று தலைகீழாகிவிடும். 'ஃபிரெட்டவள்' எப்படி? யாராவது சொல்லுங்கள்.