எஸ்ரா பவுண்ட்: போரை வெறுத்தவர் அமைதிவாதி ஆகிவிடுவாரா?

பொருநை:
அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்டைப் பாசிச ஆதரவாளர் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. அவருடைய பொருளாதாரச் சிந்தனைக்குப் பின்னால் ஒரு நண்பரின் சாவு இருக்கிறது. 1914-இல் பவுண்டின் தலையைச் சலவைக்கல்லில் செதுக்கிய சிற்பி கோதியே பிரெஸ்கா, மறு ஆண்டு ஜூன் மாதம் பிரெஞ்சுப் படையில் போரிட்டு மாண்டபோது அவருக்கு வயது 23. 1920-இல் வெளியான ‘ஹியூ செல்வின் மாபர்லி’ என்ற நெடுங்கவிதையில், இத்தனை பேர் எதற்காக மடிந்தார்கள் என்ற கேள்விக்கு, உடைந்த சிலைகளுக்காகவும் நைந்துபோன சில ஆயிரம் புத்தகங்களுக்காகவும்தான் என்று பவுண்ட் எழுதுகிறார். உயிரோடு வீடு திரும்பியவர்களுக்குக் காத்திருந்தவற்றை அடுக்கும்போது, பழைய பொய்களோடு வட்டிக்கொடுமையையும் சேர்க்கிறார்.

பிரிட்டிஷ் பொறியாளரும் பொருளாதாரச் சிந்தனையாளருமான மேஜர் டக்ளசின் கணக்கு அவரைப் பற்றிக்கொண்டது இதனால்தான். ஆலை வைக்கும் விலையில் கூலியும் இலாபப்பங்கும் மட்டுமல்லாமல், மூலப்பொருளுக்கும் வங்கிக் கடனுக்கும் செலுத்திய தொகையும் அடங்குவதால், மக்கள் கைக்கு வரும் பணம் அந்தச் சரக்கை வாங்க ஒருபோதும் போதாது; மிஞ்சியதை வெளிநாடுகளில் விற்க எல்லா அரசுகளும் முண்டியடிப்பதே போருக்கு வித்து என்றார் டக்ளஸ். ‘காண்டோக்கள்’ என்ற தம் நெடுங்காவியத்தின் 38ஆம் பகுதியான 38ஆம் காண்டோவில் பவுண்ட் இந்தக் கணக்கை ஆயுத வணிகர்களின் கதையோடு சேர்த்தே சொல்கிறார்.

செம்பரிதி:
நண்பரே, அந்தக் கணக்கே பிழையானது. மூலப்பொருளுக்குச் செலுத்தும் பணம் காற்றில் கரைவதில்லை. அது வேறோர் ஆலையில் கூலியாகவும் இலாபமாகவும் யாரோ ஒருவரின் கையை அடைகிறது. ஆனால் என் மனக்குறை அதைவிடப் பெரியது. 1935-இல் முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்தபோது பவுண்ட் அதை ஆதரித்தார். எந்தப் போரும் வேண்டாம் என்பவர்தானே அமைதிவாதி? இவரோ போரால் யாருக்கு இலாபம் என்று மட்டுமே கேட்டார். அதற்கு விடையாக யூதர்களைச் சுட்டினார், அதுவும் 1941 முதல் 1943 வரை ரோம் வானொலியில், ஐரோப்பாவில் அவர்கள் கொன்று குவிக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்.

பொருநை:
எத்தியோப்பியாவையும் வானொலிப் பேச்சுகளையும் நான் நியாயப்படுத்தவே மாட்டேன். ஆயினும் 1945-இல் பைசா அருகே அமெரிக்க இராணுவத் தடுப்பு முகாமில் அவர் எழுதிய 74ஆம் காண்டோவைப் பாருங்கள். ஆஸ்திரியாவின் வோர்கல் ஊர் 1932-இல் சொந்தப் பணத்தாள் வெளியிட்டது. மாதந்தோறும் தாளின் மதிப்பில் 1 விழுக்காட்டுக்கு வில்லை வாங்கி அதில் ஒட்ட வேண்டியிருந்ததால் யாரும் அதைப் பதுக்கவில்லை, முடங்கிக் கிடந்த வேலைகள் நடந்தன, மறு ஆண்டு மைய வங்கி அதைத் தடுத்தது. அந்த ஊர்த்தலைவரைப் பால் ஊற்றுபவராகவும் அவர் மனைவியைச் சட்டை விற்பவராகவும் பவுண்ட் காட்டுகிறார். அரசு கடன் வாங்கத் தேவையில்லை என்ற வாதத்தை இவ்வளவு எளிய மனிதர்களைக் கொண்டு சொன்ன கவிஞர் வேறு யார்?

செம்பரிதி:
அடுத்த வரியையும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்தப் பால்காரரின் அலமாரியில் அமெரிக்கக் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டின் வாழ்க்கை வரலாறு இருந்தது என்கிறார். 1920களில் தம் செய்தித்தாளில் யூத வெறுப்பைத் தொடர் கட்டுரைகளாக அச்சிட்டவர் ஃபோர்டு.

பொருநை:
அதற்கும் அடுத்த வரிகளில் அதே அலமாரியில் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியமும் ஜெர்மன் கவிஞர் ஹைனேயின் கவிதைகளும் இருக்கின்றன. ஹைனே யூதக் குடும்பத்தில் பிறந்தவர்.

செம்பரிதி:
ஹைனேயை மறந்திருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பவுண்டே பின்னாளில் என் பக்கம் வந்தார். 1972 ஜூலையில், இறப்பதற்கு நான்கு மாதங்களுக்கு முன் தம் உரைநடைத் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில், வட்டி விஷயத்தில் அறிகுறியைக் காரணமென்று கொண்டுவிட்டதாகவும் பேராசையே காரணம் என்றும் சொன்னார். இனங்களைப் பற்றிய வாக்கியங்களில் ‘அவர்கள்’ என்ற சொல்லை மிகுந்த கவனத்தோடு கையாள வேண்டும் என்றும் எழுதினார். அந்தக் கவனம் 1942-இல் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தபோது அவருக்கு இருந்திருக்க வேண்டும் என்பதே என் வழக்கு.