தோட்டத்துப் பெரியவர்களிடம் நினைவாற்றல் சோதனை: எம்எம்எஸ்இ மட்டும் போதுமா?

பேராக்_வாசி கேட்டது:

வணக்கம். மலேசியாவின் பேராக்கிலுள்ள சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் 60 வயது தாண்டியவர்களை வைத்து ஒரு நீண்டகால ஆய்வு தொடங்கப்போகிறோம். இரத்த அழுத்தம், சர்க்கரை, காது மந்தம், பள்ளிப்படிப்பு, இவற்றில் எது பிற்கால மறதிநோய்க்கு வழிவிடுகிறது என்று பார்ப்பது நோக்கம். 2 ஆண்டுக்கு ஒருமுறை நினைவு, சிந்தனைச் சோதனையும் உண்டு. வருபவர்களில் பெரும்பாலோர் பால் மரம் (ரப்பர்) வெட்டியவர்கள். மூன்றாம் நான்காம் வகுப்போடு நின்றவர்கள் பலர், பள்ளி வாசலே மிதிக்காத பாட்டிமாரும் இருக்கிறார்கள்.

எம்எம்எஸ்இ என்ற சுருக்கமான நினைவு, சிந்தனைச் சோதனைத் தாளை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டால் போதுமா? இப்போது இரத்தத்திலேயே பி-டாவ்217 என்ற அல்சைமர் தொடர்பான புரதத்தைப் பார்க்கிறார்களே, அப்படியானால் தாளும் பென்சிலும் எதற்கு என்றும் குழுவில் ஒருவர் கேட்கிறார். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

சோதனை_மேசை:

போதாது. 1975-இல் வந்த அந்த 30 மதிப்பெண் தாள், மருத்துவமனையில் சட்டென்று ஒரு கணக்கு எடுக்கத்தான் செய்யப்பட்டது. உங்கள் ஆய்வில் அது இரண்டு பக்கமும் இடிக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர் 29 வாங்குவார். உள்ளே நினைவு தேயத் தொடங்கி நாலைந்து வருடம் ஆனாலும் 28, 29 என்றே நிற்பார், ஏனென்றால் கேள்விகள் அவருக்கு மிக எளிது. பள்ளிக்குப் போகாத பாட்டியோ நல்ல ஞாபகம் இருந்தும் 'வாசித்துச் செய்யுங்கள்', 'ஒரு வாக்கியம் எழுதுங்கள்', 'நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்' என்ற இடங்களில் மதிப்பெண் இழப்பார். அங்கே அளக்கப்படுவது பள்ளிக்கூடம், மூளை அல்ல. மோக்கா என்ற இதேபோன்ற இன்னொரு 30 மதிப்பெண் தாளில் 12 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு 1 மதிப்பெண் கூட்டுவார்கள். பூஜ்ஜியம் படிப்புக்கு அந்த ஒன்று எந்த மூலைக்கு?

முதலில் தேய்வது பெரும்பாலும் புதிதாகக் கேட்டதைப் பிடித்து வைக்கும் நினைவு. அதனால் மையத்தில் வார்த்தைப் பட்டியல் இருக்கட்டும். 15 சொல், வினாடிக்கு ஒன்றாக ஒரே குரலில் வாசிப்பது, ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் நினைவுள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு வேறொரு 15 சொல் கொண்ட குறுக்குப் பட்டியல், உடனே, மறுபடி வாசிக்காமலே, முதல் பட்டியலில் நினைவுள்ளதைக் கேளுங்கள். 20 முதல் 30 நிமிடம் கழித்து, வாசித்துக் காட்டாமலே மீண்டும் கேட்க வேண்டும். இடைவெளியில் வார்த்தை வேலை எதுவும் கொடுக்காதீர்கள். படம் பார்த்து வரைவது, கட்டங்களை இணைப்பது போன்றவை மட்டும்.

பட்டியலை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்காதீர்கள். ஆங்கிலத்தில் ஓரசையாக இருக்கும் சொல் தமிழில் நாலசை ஆகிவிடும், கடினம் மாறிவிடும். வாயில் புழங்கும், கண்ணால் காணக்கூடிய, ஏறக்குறைய ஒரே நீளச் சொற்களைப் பொறுக்குங்கள். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வாளி, மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), கத்தி மூன்றும் பட்டணத்துக்காரருக்கு மூன்று தனிப் பொருள். மரம் வெட்டியவருக்கு அவை விடியற்காலை ஒரே வேலை, ஒரே கொத்தாக வந்து விழும். அப்படிப்பட்ட சொற்களில் ஒன்றை மட்டும் வையுங்கள். பட்டியலில் 'சந்தை' இருந்து அவர் மலாயில் 'பாசார்' என்றால் என்ன செய்வது? வாயில் வந்தபடியே எழுதுங்கள், மதிப்பெண் விதியை ஆய்வு தொடங்கும் முன்பே எழுத்தில் முடிவு செய்யுங்கள். ஒரு சோதகர் ஏற்று இன்னொருவர் தள்ளினால் அந்த வித்தியாசம் பின்னால் நோய்போலத் தெரியும்.

விலங்குப் பெயர் ஒரு நிமிடம் கேட்பது எழுத்து தெரியாதவருக்கும் பொருந்தும். ஒலிப்பதிவு செய்து, 15 வினாடிக்கு ஒரு கோடு போட்டு எண்ணுங்கள். ஆடு, கிடா, ஆட்டுக்குட்டி ஒன்றா மூன்றா என்பதற்கும் விதி வேண்டும். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றி இணைக்கும் தாளை விட்டுவிடுங்கள். இளஞ்சிவப்பு, மஞ்சள் வட்டங்களில் 1 முதல் 25 வரை போகும் வண்ணப் பாதைத் தாள் போதும். பென்சிலே பிடித்திராத கையின் வேகத்தை மூளையின் வேகமென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் ஒரு பயிற்சித் தாள் கொடுங்கள்.

மூன்று_சுற்று:

மேலே சொன்னதோடு ஒன்று. வளரும் நாடுகளில் மறதிநோயை ஆராயும் 10/66 குழு சென்னையிலும் வேலூர் கிராமங்களிலும் படிப்பில்லாத முதியவர்களிடம் தமிழிலேயே சோதனை நடத்தியிருக்கிறது. அதில் முதியவரைக் கேட்பதோடு வீட்டில் கூட இருப்பவரையும் தனியாகக் கேட்பார்கள். புதிதாகக் கண்டுபிடிப்பதைவிட அங்கிருந்து தொடங்குவது நல்லது.

இரத்தச் சோதனை கேள்விக்கு: பி-டாவ்217 அல்சைமர் மாற்றம் மூளையில் இருக்கிறதா என்று சொல்லும். அந்த மாற்றம் அறிகுறிக்கு 15, 20 ஆண்டு முன்பே தொடங்கலாம், சிலருக்குக் கடைசிவரை அறிகுறி வராமலும் போகலாம். ஒருவர் பஸ் மாறி கிளினிக்குக்குப் போய் மருந்து வாங்கி வருவாரா என்பதை இரத்தம் சொல்லாது. உங்கள் ஆய்வு தேடும் விளைவே அதுதான். தவிர, இரத்தக்குழாய்ச் சேதத்தால் வரும் மறதியும் அதில் தெரியாது. சர்க்கரையும் அழுத்தமும் மிகுந்த ஊரில் அது பெரிய இழப்பு.

ஒற்றை மதிப்பெண்ணை நம்பாதீர்கள். ஸ்காட்லாந்தில் 1932 ஜூன் 1 அன்று 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் வைத்த சோதனைத் தாள்கள் பத்திரமாக இருந்தன. அவர்களில் பலரை 79 வயதில் மறுபடி சோதித்தபோது, முதுமை மதிப்பெண் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி சிறுவயது மதிப்பெண்ணிலேயே இருந்தது. குறைந்த மதிப்பெண் வாங்கியவர் சரிந்தவர் என்று பொருளில்லை, எப்போதும் அங்கேயே இருந்திருக்கலாம். நம் தோட்டத்தில் பள்ளி கிட்டாமல் போனவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். சரிவைத்தான் தேட வேண்டும்.

சரிவுக்கு இரண்டு புள்ளி போதாது. முதல் சோதனைக்கும் இரண்டாவதற்கும் இடையில்தான் பழக்கத்தால் வரும் ஏற்றம் அதிகம். உள்ளே தேய்பவருக்கும் அது தேய்வை மூடிவிடும். குறைந்தது மூன்று சுற்று, மாற்றுப் பட்டியல் இரண்டு வேண்டும். யாருக்கு எந்தப் பட்டியல் முதலில் என்பதைக் குலுக்கலில் தீர்மானியுங்கள். இரண்டாம் சுற்றில் எதிர்பார்த்த ஏற்றமே வராதவரைத் தனியாகக் குறித்து வையுங்கள், அதுவே ஒரு முன்னறிகுறியாக இருக்கலாம்.

இன்னொன்று, வராமல் போகிறவர்கள். மறதி வந்தவர்தான் முதலில் நின்றுவிடுவார். மண்டபத்துக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் ஊரே நலமாக இருப்பதுபோல் கணக்கு வரும். வீட்டுக்குப் போவதற்கும் தொலைபேசிச் சோதனைக்கும் குடும்பத்தாரிடம் கேட்கும் எட்டுக் கேள்வி ஏடி-8 தாளுக்கும் முதலிலேயே செலவு ஒதுக்குங்கள்.

பேராக்_வாசி:

மிக்க நன்றி. காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துவிட்டு, கையோடு சோதனையையும் முடிக்கலாமா? மகளோ மருமகளோ பக்கத்தில் உட்கார்ந்தால் அவர்களுக்குத் தைரியமாக இருக்கும் அல்லவா?

சோதனை_மேசை:

இரண்டும் வேண்டாம். சர்க்கரை மாத்திரை போட்டவர் பசியோடு உட்கார்ந்தால் சர்க்கரை இறங்கி மதிப்பெண்ணும் இறங்கும். மகள் பக்கத்தில் இருந்தால் உதட்டசைத்தே பதில் சொல்லிக் கொடுத்துவிடுவார், பாசத்தில்தான். அவரை இன்னொரு அறையில் உட்கார வைத்து ஏடி-8 கேளுங்கள். அம்மாவுக்கு முன்னால் அவர் உண்மையைச் சொல்லவும் தயங்குவார்.

காதைக் கண்டிப்பாகப் பாருங்கள். பின்னால் நின்று மூன்று சொல் கிசுகிசுப்பாகச் சொல்லித் திரும்பச் சொல்ல வைத்தால் போதும். காதில் விழாத சொல்லை மறந்த சொல்லாக எழுதிவிடுவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் பிழை. இருமல், சளிக்கு வாங்கும் தூக்கம் வரும் மாத்திரை முதல் நாள் போட்டாரா என்றும் கேளுங்கள். மனச்சோர்வுக்கு 15 கேள்வித் தாள் தனியாக வையுங்கள், துணையை இழந்த வருடத்தில் எடுத்த சோதனை சரிவாகவே தெரியும்.

தாளின் பின்பக்கம் எழுத வேண்டியவை: எந்த மொழியில் எண் சொன்னார் (பலர் தொலைபேசி எண்ணை மலாயில்தான் வைத்திருப்பார்கள்), கண்ணாடி போட்டாரா, மணி என்ன, சோதகர் யார். அடுத்த சுற்றில் அதே மொழி, அதே கண்ணாடி, அதே வேளை. இரத்தம் எடுத்ததும் ரொட்டியும் தேநீரும் கொடுங்கள், வார்த்தைப் பட்டியலை அரை மணி கழித்துத் தொடங்குங்கள்.