ஐராஃப்ல (வானியல் டேட்டா அலசற சாஃப்ட்வேர்) ஸ்பிளாட் (ஸ்பெக்ட்ரத்தை கிராஃபா காட்டற கமாண்ட்) போட்டா டெர்மினல் முழுக்க கிறுக்கலா வருது, ஹெல்ப் பண்ணுங்க

கதிர்_எம்எஸ்சி:
ப்ராஜெக்ட்டுக்கு லடாக் ஹான்லே 2 மீட்டர் டெலஸ்கோப் ஸ்பெக்ட்ரம் குடுத்திருக்காங்க. மேக்ஐராஃப் (ஐராஃப் செட்டப் கமாண்ட்) ஓட்டினப்போ டெர்மினல் டைப் கேட்டுச்சு, எக்ஸ்ஜிடெர்ம்னு (ஐராஃபுக்கான டெர்மினல்) குடுத்தேன். இப்போ க்னோம் டெர்மினல்ல சிஎல் (ஐராஃப் கமாண்ட் அடிக்கற இடம்) திறந்து ஸ்பிளாட் அடிச்சா கிராஃப் வரல, எழுத்தும் குறியுமா கொட்டுது, அப்புறம் எந்த கீ அடிச்சாலும் அசையல. டிஎஸ்9ல (படம் பாக்கற சாஃப்ட்வேர்) படம் வருது, ஆனா வெட்டுப்பட்டு வருது. ரெண்டு நாளா மல்லுக்கட்டுறேன்.

பழைய_வாக்ஸ்:
தம்பி அந்த கிறுக்கல்தான் உங்க கிராஃப். அந்தக் காலத்துல டெக்ஸ்ட்டுக்கு விடி100, படத்துக்கு டெக்ட்ரானிக்ஸ் 4010னு ரெண்டு டெர்மினல் மெஷின் பக்கத்துல பக்கத்துல வச்சு வேலை பார்ப்போம், ஐராஃப் 1980கள்ல அமெரிக்காவோட கிட் பீக் வானாய்வகத்துல அந்தப் பழக்கத்துலதான் வளர்ந்துச்சு. டெக்ட்ரானிக்ஸ் முறையில ஆஸ்கி 29 வந்தா கோடு போடும் மோடு, அதுக்கப்புறம் எக்ஸ், ஒய் எல்லாம் அஞ்சஞ்சு பிட்டா உடைச்சு சாதாரண எழுத்தாவே வரும். க்னோம் டெர்மினலுக்கு அது புரியாது, அப்படியே எழுத்தா காட்டிடும். கீ அசையாததுக்கும் அதே காரணம்தான், ஐராஃப் கர்சர் கேட்டுட்டு கீயோட சேர்த்து இடம் சொல்ற நாலு எழுத்துக்கும் காத்திருக்கு, உங்க டெர்மினல் அத அனுப்பவே அனுப்பாது. எக்ஸ்ஜிடெர்ம்னு பேர் குடுத்தா மட்டும் போதாது, எக்ஸ்ஜிடெர்ம் விண்டோவையே திறந்து, லாகின்.சிஎல் (மேக்ஐராஃப் உருவாக்கின செட்டிங் ஃபைல்) இருக்கற டைரக்டரிக்குப் போயி அதுக்குள்ள சிஎல் ஓட்டணும். டெபியன், உபுண்டுல எக்ஸ்11ஐராஃப் பேக்கேஜ்ல இருக்கு.

மீனா_ஸ்பெக்:
டிஎஸ்9 வெட்டுக்கு லாகின்.சிஎல்ல ஸ்டிடிஇமேஜ் (படம் காட்டற ஃப்ரேம் அளவு) வரி பாருங்க, ஐஎம்டி800னு இருந்தா ஃப்ரேம் 800க்கு 800தான். ஹான்லே ஹெச்எஃப்ஓஎஸ்சி (ஸ்பெக்ட்ரம் எடுக்கற கருவி) சிசிடி கேமரா சிப் 2048க்கு 4096 பிக்சல், அதனால ஐஎம்டி4096 போடுங்க. ஓடிட்டிருக்கற செஷன்லயே மாத்தணும்னா ரீசெட் ஸ்டிடிஇமேஜ் = ஐஎம்டி4096னு குடுத்துட்டு திரும்ப டிஸ்ப்ளே பண்ணுங்க.

கதிர்_எம்எஸ்சி:
வந்துருச்சு அண்ணா!! எக்ஸ்ஜிடெர்ம்ல சிஎல் ஓட்டினதும் தனி விண்டோல ஸ்பெக்ட்ரம் வந்துச்சு. மீனா அக்கா சொன்னது போட்டதும் முழு சிசிடியும் தெரியுது, ரொம்ப நன்றி. இம்எக்ஸாமின்ல (படத்துல நட்சத்திரத்தை அளக்கற கமாண்ட்) மட்டும் ப்ரொஃபைலுக்கு ஆர் கீ அடிச்சா ஒண்ணும் வரல.

மீனா_ஸ்பெக்:
மவுஸ் எங்க இருக்குன்னு பாருங்க. ஆர் அடிக்கும்போது டிஎஸ்9 படத்துல நட்சத்திரத்து மேல இருக்கணும், ப்ரொஃபைல் எக்ஸ்ஜிடெர்ம் கிராஃப் விண்டோல விழும். வெளிய வர க்யூ கீ, அதையும் படத்து மேல வச்சே அடிங்க.