அண்ணன் கடை வாசலுக்கு வெள்ளைப் பெயின்ட்

குழு: மேலவீதிக் குடும்பம்
ஞாயிறு, காலை 11.40

பிரபு அண்ணன்: கடையைச் சாத்திவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். இங்கே சான் பிரான்சிஸ்கோவில் சனி ராத்திரி பதினொன்றைத் தாண்டிவிட்டது. இன்றைக்கு 140 இலை.

சித்தி: 140ஆ! முதலில் திருஷ்டி சுற்றிப் போடச் சொல்லு.

பிரபு அண்ணன்: சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை சித்தி. வாசலில்தான் வம்பு. ஏழு மணிக்கு ஒரு ஊபர் வந்தது. ஓரத்தில் இடமில்லை, நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டார். பின்சீட்டில் எண்பது வயதுப் பாட்டி, கையில் வாக்கர். கதவு திறந்தது நேரே சைக்கிள் பாதைக்குள். நான் வடைத் தட்டோடு அப்படியே ஓடினேன். பின்னால் நான்கு கார் ஹாரன். பாட்டி நிதானமாக இறங்கி, "தம்பி, வடை சூடா?" என்கிறார்.

நான்: 😂😂

பெரியப்பா: சிரிக்கிற விஷயமா இது? பிரபு, வாசலில் இரண்டு பூந்தொட்டி வைத்துக் கயிறு கட்டு. இங்கே மதுரை டவுன் ஹால் ரோட்டில் பாதிக் கடை அப்படித்தான்.

பிரபு அண்ணன்: பெரியப்பா, சான் பிரான்சிஸ்கோவில் நாமாக ஒரு கூம்பு வைத்து இடம் பிடித்தாலே தப்பு. கடைதான் வாடகைக்கு எடுத்தது. ரோட்டோரம் ஊருடையது.

பெரியப்பா: முப்பது வருடம் மாநகராட்சியில் குப்பை கொட்டியவனிடம் சொல்கிறாயே. இங்கேயும் ஊருடையதுதான். இங்கே யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

நான்: சரி, முறைப்படி என்ன செய்ய வேண்டும் அண்ணா?

பிரபு அண்ணன்: கவிதாவைக் கேள். விண்ணப்பமெல்லாம் அவள் துறை. நான் அடுப்பு.

கவிதா அண்ணி: வந்துவிட்டேன். கலிபோர்னியாவில் நடைபாதை விளிம்புக்கல்லில் பூசியிருக்கும் நிறத்தை வைத்துத்தான் எல்லாம். சிவப்பு என்றால் நிறுத்தவே கூடாது. மஞ்சள், சரக்கு இறக்க. பச்சை, கொஞ்ச நேரம் நிறுத்திக்கொள்ளலாம். நீலம், மாற்றுத்திறனாளிகளுக்கு. வெள்ளை, ஆள் ஏற்றி இறக்க. எங்களுக்கு வேண்டியது அந்த வெள்ளை.

சித்தி: மார்கழிக் கோலம் மாதிரி இருக்கிறதே!

கவிதா அண்ணி: ஆமாம் அத்தை, ஆனால் நாமே போட்டுக்கொள்ள முடியாது. நகரப் போக்குவரத்து முகமையிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் இடத்தை வந்து பார்த்து, பொது விசாரணைக்கு வைத்து, அப்புறம்தான் பெயின்ட். ஒரு கார் நீளம் ஏறத்தாழ 22 அடி, அந்தக் கணக்கில் கட்டணம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் கட்ட வேண்டும்.

பெரியப்பா: அப்படியானால் காசு கொடுத்து வாங்குகிற இடம். நம் வாடிக்கையாளர் மட்டும் நிறுத்தலாம், அப்படித்தானே?

கவிதா அண்ணி: அதுதான் இல்லை பெரிய மாமா. காசு நாம் கட்டுகிறோம், இடம் எல்லாருக்கும். எதிர்க்கடைக்கு வருகிறவரும் அங்கே இறங்கலாம், கேட்க முடியாது. ஐந்து நிமிடம்தான். ஓட்டுநர் வண்டியை விட்டுப் போகக் கூடாது.

பெரியப்பா: பந்தலுக்குக் காசு நாம் கொடுப்போம், பந்தியில் எவனோ உட்காருவான். நல்ல ஊர்.

குவைத் அத்தான்: மாப்ளே, எதற்கு இத்தனை சுற்று? வாலே பார்க்கிங் வைத்துவிடு. இங்கே பெரிய ஹோட்டல் எல்லாவற்றிலும் அதுதான். சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடலாம்.

கவிதா அண்ணி: விசாரித்தோம் அண்ணா. அதற்கு வேறு அனுமதி, போலீஸ் துறையின் பெர்மிட் பிரிவில். காப்பீடு காட்ட வேண்டும். வாங்குகிற கார்களைக் கொண்டுபோய் நிறுத்தத் தனி இடமும் வேண்டும். வெள்ளை விளிம்பு சாவி வாங்கவும் கொடுக்கவும் மட்டும்தான். கார் தூங்குகிற இடம் வேறு. பக்கத்து கராஜில் மாத வாடகை கேட்டபோதே இவர் முகம் விழுந்துவிட்டது.

பிரபு அண்ணன்: முகம் விழவில்லை. கால்குலேட்டர்தான் விழுந்தது. நம்மிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஊபரோ, அதன் போட்டிக் கம்பெனி லிஃப்டோதான். மீதியில் பலர் பார்ட் ரயிலில் 16-ஆம் தெரு நிலையத்தில் இறங்கி நடந்தே வருகிறார்கள். யாருக்கு வாலே?

நான்: ஊபரையே நகரம் கட்டுப்படுத்தக் கூடாதா? "இங்கே நிறுத்தாதே" என்று?

கவிதா அண்ணி: ஊபர் பிறந்த ஊரே இதுதான், ஆனால் உரிமம் கொடுப்பது நகரம் இல்லை. 2013-இல் மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் அதற்குத் தனி வகை உண்டாக்கித் தன்னிடமே வைத்துக்கொண்டது. டாக்ஸிக்கு மட்டும்தான் நகரம் உரிமம் கொடுக்கும். இத்தனை ஊபர்தான் ஓட வேண்டும் என்று சொல்ல இவர்களுக்கு அதிகாரம் இல்லை. கையில் இருப்பது பெயின்ட் டப்பாவும் அபராதச் சீட்டும்.

குவைத் அத்தான்: அங்கே ஆளில்லாத கார் வேறு ஓடுகிறதே, வேமோ. ஓட்டுநர் வண்டியில் இருக்க வேண்டும் என்றால் அது எப்படி நிற்கும்?

பிரபு அண்ணன்: அத்தான் பிடித்துவிட்டார் பாயின்டை 😄 அதுவும் சீட்டு வாங்குகிறது. 2024-இல் மட்டும் இந்த ஊரில் 589 பார்க்கிங் அபராதம்.

சித்தி: யாரிடம் கொடுத்தார்கள்? உள்ளேதான் யாரும் இல்லையே?

பிரபு அண்ணன்: கம்பெனி கட்டும் சித்தி.

பெரியப்பா: விசாரணை என்றாளே கவிதா. ஆட்சேபம் ஏதாவது?

கவிதா அண்ணி: ஒன்று இருந்தது. பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர். அவருடைய வாடிக்கையாளர்கள் பெயின்ட் வாளி, பலகை எல்லாம் தூக்க வேண்டும், கார் வாசலிலேயே அரை மணி நிற்க வேண்டும். காசு மீட்டர் வைத்த பார்க்கிங் இடம் இரண்டு போனால் வியாபாரம் போச்சு என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பக்கத்து வாலென்சியா தெருவில் 2023-இல் நடுரோட்டில் சைக்கிள் பாதை போட்டார்கள். கடைக்காரர்கள் சண்டை போட்டு, 2025-இல் அதை ஓரத்துக்கு மாற்றினார்கள். அதிலிருந்து இந்தப் பக்கம் ஓரம் என்று சொன்னாலே எல்லாருக்கும் ரத்தம் கொதிக்கிறது.

பெரியப்பா: நீ என்ன செய்தாய்?

கவிதா அண்ணி: மைசூர்பாகு ஒரு டப்பா எடுத்துக்கொண்டு போனேன். கடை எப்போது மூடுவீர்கள் என்று கேட்டேன். ஆறு மணி. எங்களுக்குக் கூட்டமே ஏழுக்குத்தான். விண்ணப்பத்தில் நாள் முழுக்க என்றிருந்ததை மாலை ஆறு முதல் பத்து வரை என்று மாற்றிவிட்டேன். பகலில் மீட்டர் மீட்டராகவே இருக்கும். அவரே ஆதரித்து மின்னஞ்சல் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

பெரியப்பா: சபாஷ். இதைச் செய்ய எங்கள் ஆபீசில் மூன்று மீட்டிங் போடுவோம். இடத்தைப் போட்டோ எடுத்துப் போடு, பார்க்கிறேன்.

கவிதா அண்ணி: 📷 போட்டோ. கதவிலிருந்து இடது பக்கமாக 44 அடி கேட்டிருக்கிறோம், இரண்டு கார்.

12.05

பெரியப்பா: கவிதா, போட்டோவில் இடது ஓரம் தெரிகிறதே, வரி வரியாக. அது பாதசாரிக் கோடா?

கவிதா அண்ணி: ஆமாம் பெரிய மாமா, முனைதான்.

பெரியப்பா: கோட்டை ஒட்டிக் கார் நின்றால் ரோட்டைக் கடக்கிறவன் வண்டிக்காரன் கண்ணில் படமாட்டான். எங்கள் காலத்திலேயே வரைபடத்தில் முனையை விட்டுத்தான் போடுவோம். அங்கே அப்படி ஒன்றும் விதி இல்லையா?

பிரபு அண்ணன்: ஐயோ. இருக்கிறது. மாநிலச் சட்டம். கோட்டுக்கு முன்னால் 20 அடிக்குள் நிறுத்தக் கூடாது, 2025 ஜனவரியிலிருந்து சீட்டு கொடுக்கலாம். விளிம்பில் சிவப்பு இல்லாவிட்டாலும் செல்லும்.

கவிதா அண்ணி: இருங்கள், அளந்துவிட்டு வருகிறேன்.

சித்தி: ராத்திரி பதினொன்றரை மணிக்கா? பிரபு, கூடப் போடா!

12.21

கவிதா அண்ணி: வந்துவிட்டோம். டேப்பின் ஒரு முனையை இவர், மறுமுனையை நான். அந்த வழியே வந்த ஒருவர் நின்று, எதைத் தொலைத்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். கதவிலிருந்து கோடு வரைக்கும் 51 அடிதான். 20 போனால் 31. இரண்டு கார் நிற்காது. விண்ணப்பத்தை 22 அடிக்கு மாற்ற வேண்டும்.

குவைத் அத்தான்: கட்டணமும் குறையும்.

பிரபு அண்ணன்: பெரியப்பா, மதுரையில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பெரியப்பா: பேத்தி ஜூம் பண்ணச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். திருத்திய விண்ணப்பத்தை அனுப்புமுன் எனக்கு ஒரு தடவை போடு.

கவிதா அண்ணி: கண்டிப்பாக பெரிய மாமா 🙏

சித்தி: எல்லாம் சரி, அந்தப் பாட்டி வடை சாப்பிட்டாரா?

பிரபு அண்ணன்: மூன்று. நான்காவதைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு போனார்.